ஈசானிய மூலையில் மட்டும்

உ
மாரியம்மன் துணை
திருத்தங்கல், 25-11-2024

தம்பி மணிகண்டராஜுக்கு அக்கா பொன்னுத்தங்கம் எழுதுவது.

ஸ்ரீமதி வீட்டுக்குப் பூமி பூஜை போட்ட அன்று ஈசானிய மூலையில் வெட்டிய குழியைச் சுற்றி நின்றவர்கள்: நான், உன் அத்தான், என் மகள் ஸ்ரீமதி, மாப்பிள்ளை ராஜபாண்டியன், அவரைப் பெற்றவர்கள் இரண்டு பேர், நீ, உன் வீட்டுக்காரி பாண்டிச்செல்வி, பூஜை செய்த ஐயர், மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள். வேறு யாரும் இல்லை.

ஆள் உயரத்துக்குக் கரிசல் மண்ணை எடுத்த பிறகு அடியில் கெட்டியான சுக்கான் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. நீ அதைக் கையால் காட்டி, "எல்லாரும் பாத்துக்கோங்க. இந்தச் சுக்கான் வர்ற மட்டும் வீடு பூராத் தோண்டி, கரிசலை அள்ளிக் கொட்டிட்டு, சரளை போட்டு இறுக்கித்தான் அஸ்திவாரக் கடக்கால் எழுப்புவேன். கரிசல் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அது மேல என் மருமக வீட்டை வைக்க நான் என்ன கிறுக்கனா?" என்றாய். சம்பந்தியம்மாள் கூடச் சிரித்தார்கள். அந்தக் குழியில் பாலை ஊற்றி நவதானியம் போட்டது என் கை.

போன வியாழக்கிழமை விருதுநகரில் நல்ல மழை. ஸ்ரீமதி பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போயிருக்கிறாள். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. நிலை கோணிப்போய்க் கதவைக் கவ்விக்கொண்டது. தள்ளினாலும் வரவில்லை, இழுத்தாலும் வரவில்லை. உள்ளே ரோஷினி கத்துகிறாள், வெளியே இவள் கத்துகிறாள். பக்கத்து வீட்டு ஆட்கள் கடப்பாரையால் கதவைப் பிளந்து பிள்ளையை எடுத்தார்கள். தொட்டிலுக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து விழுந்த பூச்சு கிடந்தது. ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத மாட்டேன். இப்போது யார் கதவைத் தொட்டாலும் பிள்ளை வீறிட்டு அழுகிறது.

இதைப் போனில் சொன்னபோது நீ, "மழைக்காலத்துல கதவு இறுகத்தான்க்கா செய்யும்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்ட காதோடு நேராகக் கோயிலுக்குப் போனேன். இந்த வேலை நேராகிற வரைக்கும் என் தம்பியோடு வாய்ப்பேச்சு இல்லை என்று அம்மனிடம் சொல்லிவிட்டேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு அடியில் என்ன போட்டாய் என்று மட்டும் எழுது. பாண்டிச்செல்விக்கு மூட்டு வலி தேவலையா? கேட்டதாகச் சொல்.

பொன்னுத்தங்கம்


சென்னை, 4-12-2024

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌகரியம். அங்கே அத்தான், ஸ்ரீமதி, ரோஷினிக்குட்டி எல்லாரும் நல்லா இருக்கணும்.

பேனா பிடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. ஆபீஸ்ல இருக்கிற பிள்ளைக என்னைப் பார்த்துச் சிரிக்குதுக. போனை எடுக்கா. நாம என்ன பங்காளிச் சண்டையா போட்டோம்?

பிள்ளை விஷயம் கேட்டு நானும் கலங்கித்தான் போனேன். சிரிச்சது உன்னைத் தேத்துறதுக்கு. ஆனா வீட்டு மேல பழி போடாதே. இந்த வருஷம் மழை ஜாஸ்தி. ஸ்ரீமதி சுவரை ஒட்டி வாழையும் கறிவேப்பிலையும் வெச்சுத் தண்ணி விடுறா. நம்ம ஊர் மண்ணு அப்படி. எந்த வீட்டில்தான் கீறல் இல்லை?

நான் ஒழுங்கா வேலை செய்யலைன்னா ஈசானிய மூலையில இருக்கிற சாமி அறை எப்படி நிக்குது? அங்கே மயிரிழைக் கீறல் உண்டா? நீயே சொன்னே, அம்மா வந்து உட்கார்ந்துட்டாடான்னு. வெள்ளிக்கிழமையானா அக்கம்பக்கத்துப் பொம்பளையாட்கள் வந்து கும்பிட்டுப் போறாங்கன்னு சொன்னே. அந்தப் போட்டோவைத்தான் நோட்டீஸ்ல முன்பக்கம் போட்டிருக்கேன். "அம்மன் குடியிருக்கும் மாடத்தியம்மாள் நகர்." அத்தான் பிரஸ்ல அடிச்சதுதான், நீயும் பார்த்திருப்பே. நம்மளைப் பெத்த அம்மா பேர்ல ஒரு நகர் நிக்குது. அதை நினைச்சுச் சந்தோஷப்படுக்கா.

ரெண்டாங்கட்ட வீடுகளுக்குத் தை கடைசி வெள்ளி புக்கிங் தொடங்குறோம். நீயும் அத்தானும்தான் குத்துவிளக்கு ஏத்தணும்.

உன் தம்பி
மணிகண்டராஜ்


உ
மாரியம்மன் துணை
திருத்தங்கல், 15-12-2024

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம் விசாரித்ததற்கு அம்மன் உனக்குச் சுகம் தரட்டும்.

நேற்று ஸ்ரீமதி வீட்டில் இரண்டு இடத்தில் குழி வெட்டிப் பார்த்தோம். பார்த்தவர்கள்: நான், உன் அத்தான், மாப்பிள்ளை, குழி வெட்டிய கொத்தனார் செந்தூர்பாண்டி.

முதல் குழி அடுப்படிச் சுவரை ஒட்டி. மேலே முழங்கால் அளவுக்குச் சரளை, பலகாரத்துக்கு மேல் சர்க்கரை தூவின மாதிரி. அதற்குக் கீழே அதே கரிசல். ஈரத்தில் ஊதி, கையில் எடுத்தால் உருண்டை பிடிக்கலாம் போல இருக்கிறது. அதன் மேல்தான் கடக்கால் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது குழி சாமி அறைச் சுவரை ஒட்டி. அங்கே சுக்கான் வரைக்கும் சரளை. தண்ணீர் ஊற்றி இறுக்கிய சரளை, கடப்பாரை இறங்கவில்லை. அன்று நாங்கள் சுற்றி நின்று பார்த்த குழியை மட்டும் சொன்னபடி நிரப்பியிருக்கிறாய்.

மழைக்கு வீடு ஏறுகிறது, வெயிலுக்கு இறங்குகிறது. அந்த ஒரு மூலை மட்டும் நட்டு வைத்த கல்லாக அசையாமல் நிற்கிறது. அதனால்தான் வீட்டில் உள்ள அத்தனை கீறலும் சாமி அறைப் பக்கத்திலிருந்து கிளம்புகிறது. இது தெரியாமல் ஒரு வருஷமாக அந்த அறைக்கு வந்தவர்களிடம், "பாருங்க, வீடு பூராக் கீறல், அம்மா இருக்கிற இடத்துல மட்டும் ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சூடம் காட்டினேன். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் நாலு குடும்பம் உன்னிடம் வீடு வாங்கியிருக்கிறது.

அம்மன் வந்து உட்காரவில்லை மணிகண்டா. சரளை உட்கார்ந்திருக்கிறது. என் பக்தியை நோட்டீஸாக அடித்து விற்றிருக்கிறாய். அதையும் என் புருஷன் பிரஸ்ஸிலேயே அடித்திருக்கிறாய்.

இப்போதும் ஒன்றும் முழுகிவிடவில்லை. சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி, சுக்கானில் கால் ஊன்றுகிற மாதிரி கான்கிரீட் தூண் கொடுக்கலாம். தரையைப் பெயர்த்துக் கரிசலை எடுத்துவிட்டுச் சரளை போட்டு இறுக்கலாம். மழைத்தண்ணீர் சுவரோரம் இறங்காமல் வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போடலாம். ஸ்ரீமதி வீட்டுக்கு மட்டும் கேட்கவில்லை. அம்மா பேரை வைத்து விற்ற எல்லா வீட்டுக்கும் கேட்கிறேன்.

பொன்னுத்தங்கம்


சென்னை, 29-12-2024

அக்காவுக்கு,

நலம். சைட் வேலை ஜாஸ்தி, அதான் தாமதம்.

ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்து என் வேலையைத் தோண்டிப் பார்க்கிற அளவுக்கு வந்துட்டியே. எந்த எஞ்சினியர்கிட்ட கேட்டே? எல்லா வீட்டையும் தோண்டித் தூண் குடுக்கிறதுன்னா அது நடக்கிற காரியமா?

இதை எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். அந்த இடமும் வீடும் நான் தாய்மாமன் சீரா ஸ்ரீமதிக்குச் செஞ்சது. விலைக்கு வாங்கினவுக கேட்டா அது ஒரு ஞாயம். சும்மா வந்ததுக்கு இம்புட்டுக் கேள்வியா? எந்த மாமன் இந்தக் காலத்தில் வீடு குடுக்கிறான்?

பொங்கல் முடிஞ்சு ஆள் அனுப்புறேன். கீறலை அடைச்சுப் பட்டி பார்த்து நல்ல பெயிண்ட் அடிச்சுத் தருவாங்க. கதவையும் இழைச்சு மாட்டுவாங்க. தை கடைசி வெள்ளி வரைக்கும் வாயைத் திறக்காதே. அந்தக் குழியை முதல்ல மூடச் சொல்லு. பார்க்கிறவுக என்ன நினைப்பாக?

மணிகண்டராஜ்


உ
மாரியம்மன் துணை
திருத்தங்கல், 6-1-2025

என் உடன்பிறந்த தம்பிக்கு,

மார்கழி முடியப் போகிறது. தினமும் விடியக் கோயிலுக்குப் போகிறேன். உன் பேருக்கும் பாண்டிச்செல்வி பேருக்கும் அர்ச்சனை செய்துவருகிறேன்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சீர் என்று எழுதியிருந்தாய். நியாயம்தான். தாய்மாமன் தந்ததைச் சபையில் நாலு பேர் பார்க்கும்படி வைப்பதுதான் முறை. பெட்டிக்குள் வைத்தால் செய்தவனுக்கு என்ன பெருமை?

அதனால் தை கடைசி வெள்ளிக்கிழமை, உன் புக்கிங் நடக்கிற அதே சாயங்காலம், ஸ்ரீமதி வீட்டில் திருவிளக்கு பூஜை வைத்திருக்கிறேன். நகரில் உள்ள பெண்கள் எல்லாரும் விளக்கு கொண்டுவருகிறார்கள். உன் பந்தலுக்கு வீடு பார்க்க வருகிறவர்களோடு அவர்கள் வீட்டுப் பெண்களும் வருவார்கள் அல்லவா, அவர்களும் வந்து உட்காரட்டும். விளக்கு இல்லாதவர்களுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். எண்ணெய், திரி, குங்குமம் எல்லாம் என் பொறுப்பு. பாண்டிச்செல்வி தன் வெள்ளிக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து முதல் வரிசையில் உட்கார வேண்டும்.

பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்ப வேண்டாம். பூஜை நேரத்தில் அந்த வாசனை ஆகாது. குழியை மூடச் சொல்லியிருந்தாய். பலகை போட்டு மூடி, மேலே கோலமும் போட்டாயிற்று.

அன்போடு அக்கா
பொன்னுத்தங்கம்


சென்னை, 17-1-2025

அன்பான அக்காவுக்கு,

பொங்கல் நல்லபடி முடிஞ்சிருக்கும். உன் கடிதம் பார்த்துப் பாண்டிச்செல்வி அழுதுட்டா. "மதினி மனசு தங்கம்ங்க, பேரு சும்மாவா வச்சாக"ன்னா.

எனக்கு இந்த யோசனை தோணலையே! ஆம்பளைங்க பந்தல்ல லே-அவுட் பார்க்கிறாங்க, பொம்பளைங்க வீட்டுக்குள்ள விளக்கு பூஜை பண்றாங்க. வீடு வாங்கறதில் முடிவு சொல்றது அவங்கதானே. வாசல்ல பேனர் கட்டச் சொல்லியிருக்கேன். பந்தல் மைக்கிலயும் அறிவிப்பு குடுக்கிறேன். முடிஞ்சதும் எல்லாரும் சாமி அறையைப் பார்த்துட்டுப் போற மாதிரி செய். எண்ணெய் டின் நான் அனுப்புறேன், நீ வாங்காதே.

இனிமேயாவது போன்ல பேசுக்கா.

தம்பி
மணிகண்டராஜ்


சென்னை, 10-2-2025

மதினிக்குப் பாண்டிச்செல்வி எழுதிக்கொள்வது.

நீங்க சுகமாத்தான் இருப்பீக. நாங்க சுகமில்லை.

உங்க தம்பி எழுத மாட்டேன்னுட்டார். நான் எழுதுறேன். நீங்க நடத்துனது பூஜை இல்லை மதினி, பஞ்சாயத்து.

முதல் வரிசையில என்னை உட்கார வச்சீக. வெள்ளி விளக்கை வைக்கிறேன், ஆடுது. தாம்பாளத்துக்கு அடியில் மடிச்ச காகிதம் வச்சேன், அப்பவும் சாஞ்சது. "தரை கொஞ்சம் வாட்டமா இருக்கு, அப்படியே வச்சுக்கோ"ன்னீக. அஞ்சு முகமும் ஏத்தினோம். முதல் போற்றி முடியுறதுக்குள்ள எண்ணெய் பூரா ஒரு பக்கமா ஓடிருச்சு. மேட்டுப் பக்கத்துத் திரி காய்ஞ்சு பொசுங்கி அணைஞ்சது. என் விளக்குன்னு நினைச்சுக் கூசிப்போய்த் திரும்பிப் பார்க்கேன், வரிசை பூரா அதே பக்கத்துத் திரி அணைஞ்சு புகையுது. அம்புட்டுப் பேரும் விளக்கைப் பாக்காக, அப்புறம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்காக. பச்சைச் சேலை கட்டின ஒரு அம்மா, சாத்தூர்லருந்து வந்தவுக, "இதென்னக்கா, எல்லார் விளக்கும் சேர்ந்தா அணையும்?"னு சத்தமாவே கேட்டாக.

நீங்க என்ன சொன்னீக? "எல்லாரும் எந்திரிச்சு, ஆளுக்கொரு தடவை சாமி அறையில விளக்கை வச்சுப் பாருங்க"ன்னீக. அங்கன வச்சா அஞ்சு முகமும் நேரா எரியுது. அந்தப் பச்சைச் சேலைக்காரம்மா கும்பிடப் போனாக. அவுக கையைப் பிடிச்சு நிறுத்தி, "கும்பிடாதீக, இது சாமி இல்லை, வாங்க காட்டுறேன்"னு கொல்லைப் பக்கம் கூட்டிட்டுப் போய்க் கோலம் போட்ட பலகைகளைத் தூக்குனீக. ரெண்டு குழியையும் அம்புட்டுப் பேரும் எட்டிப் பார்த்தாக. உங்க தம்பி மைக்ல பேசிக்கிட்டே இருக்காரு, பந்தல்ல ஒவ்வொருத்தனுக்கா பொண்டாட்டி போன் பண்றா. எனக்கு முன்னாடியே ஒருத்தி சொல்றா, "எங்கனயும் கையெழுத்துப் போட்டுறாதீக, பேசாம வண்டியை எடுங்க"ன்னு. பந்தல் காலியாகுறதை நான் அந்த வாசல்ல நின்னு பார்த்தேன்.

சாமி பேரைச் சொல்லிக் கூடப்பிறந்தவனைத் தெருவுல நிறுத்திட்டீகளே. அந்த அம்மன் கேக்க மாட்டாளா?

பாண்டிச்செல்வி


உ
மாரியம்மன் துணை
திருத்தங்கல், 16-2-2025

பாண்டிச்செல்விக்கு,

மூட்டு வலிக்கு நீ போன முறை வாங்கிப் போன தைலம் தீர்ந்திருக்கும். இதோடு ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன்.

நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லாம் நடந்தபடி எழுதியிருக்கிறாய். நன்றி.

அம்மன் கேட்பாளா என்று எழுதியிருந்தாய். அதே கேள்வியை நான் பூஜைக்கு முந்தின நாள் கோயிலில் நின்று கேட்டேன். பாவம் என்றால் என் தலையில் இறங்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கை ஏற்றினேன். உன் வீட்டுக்காரன் அம்மனைச் சுவரொட்டி ஆக்கினபோது நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்றைக்கு நான் யாரையும் திட்டவில்லை. மைக் என் கையில் இல்லை. எண்ணெய் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று எண்ணெய்க்கு நான் சொல்லவில்லை. அதுவும் நீங்கள் அனுப்பிய எண்ணெய்.

ஒன்று மட்டும் அவனிடம் சொல். திருவிளக்கு பூஜை ஒரு தடவையோடு நிற்காது. வெள்ளிக்கிழமை தோறும் நடக்கும். நேற்று முன்தினமும் நடந்தது. ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். அவர்கள் யாரும் வீடு வாங்க வரவில்லை, திரி அணைகிறதைப் பார்க்க வந்தார்கள். நகரில் உள்ளவர்கள் அவரவர் வீட்டிலும் விளக்கு வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பொன்னுத்தங்கம்


சென்னை, 20-4-2025

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

ரெண்டாங்கட்டத்துல ஒரு வீடுகூடப் போகலை. அட்வான்ஸ் குடுத்தவுக திருப்பிக் கேட்கிறாங்க. முதல் கட்டத்துல குடியிருக்கிறவுக சங்கம் வச்சிருக்காங்க. தலைவர் யாருன்னு கேட்டா உன் பேரைச் சொல்றாங்க. விருதுநகர் பஸ் ஸ்டாண்டுல டீக்கடைக்காரன், "அண்ணாச்சி, உங்க நகர்ல விளக்கே நிக்காதாமே"ங்கிறான். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்துட்டு, மாரியம்மன் கோயில் கொடிமரம் வரைக்கும் போய், உள்ள வராமத் திரும்பிட்டேன். நீ அங்கன உட்கார்ந்திருந்தே.

தோத்துட்டேன், போதுமா? சுக்கான் வரைக்கும் தோண்டாதது தப்புத்தான். அந்த நேரத்தில் கையில பண ஓட்டம் இல்லை. ஒரு மூலையை எல்லார் முன்னாடியும் வெட்டிட்டோம், மத்ததை யாரு பார்க்கப் போறாங்கன்னு விட்டுட்டேன்.

ஒரு வழி சொல்றேன். ஸ்ரீமதி வீட்டை இந்த மழைக்கு முன்னாடி நான் சரி பண்ணிடுறேன். சுவருக்கு அடியில் தூண், தரைக்குச் சரளை, சுத்திச் சிமெண்ட் தளம், நீ எழுதின எல்லாம். அதுக்கு மட்டும்தான் இப்ப என்னால முடியும். சத்தமில்லாமச் செய்வோம். நீ வெள்ளிக்கிழமைப் பூஜையை நிறுத்திரு. மத்த வீடுகளை ஒண்ணொண்ணா அப்புறம் பார்ப்போம். ஸ்ரீமதிகிட்ட போன்ல பேசினேன், அவளுக்குச் சம்மதம். பெத்த மகளுக்காகவாவது சரின்னு எழுது.

மணிகண்டராஜ்


உ
மாரியம்மன் துணை
திருத்தங்கல், 4-5-2025

தம்பி மணிகண்டராஜுக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. ஸ்ரீமதி வீட்டு மண் வெடித்து, கொல்லையில் கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கிறது. அடுப்படிச் சுவர் இப்போது அந்தப் பக்கம் சாய்கிறது. நீங்கள் எல்லாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

ஸ்ரீமதி உன் போனை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "அம்மா, மாமா வேலையைச் செய்றேங்காரு, ஒத்துக்கோ. என் வீட்டை வச்சு உன் கோவத்தைத் தீக்காத. கும்பிட வந்தவுக போயி இப்ப வேடிக்கை பாக்க வர்றாக. நாங்க குடியிருக்கவா, காட்சி வைக்கவா?" என்றாள். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். உன் அத்தான், "பிள்ளை சொல்றதுல என்ன தப்பு?" என்றார். என் மகள் கேட்டது எனக்கு உறைக்காமல் இல்லை. அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை.

மறுநாள் அவளுக்குச் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். அவள் வீட்டை மட்டும் முதலில் சரி செய்தால் அதுவும் இன்னொரு ஈசானிய மூலை. நாலு பேர் பார்க்கிற இடத்தை மட்டும் நீ இறுக்குவாய், மற்றது அப்படியே கரிசலில் கிடக்கும். அதைக் காட்டி மறுபடியும் வீடு விற்பாய். அதற்கு நான் உடன்பட்டால் உனக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

அவள் அழுதாள். என்னோடு பேசாமல் இருக்கிறாள். ஆனாலும் சாமான்களைக் கட்டி, பிள்ளையோடும் மாப்பிள்ளையோடும் இங்கே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு இங்கிருந்து வேலைக்குப் பஸ் வசதிதான்.

ஆகவே என் முடிவு. மற்ற வீடுகள் முதலில். எந்த வீட்டுக்கு எந்த வரிசை என்று சங்கத்தில் திருவுளச்சீட்டுப் போட்டாயிற்று. ரெண்டாங்கட்டத்துக்கு வைத்திருக்கிற காலி மனையை விற்று வேலையைத் தொடங்கு. ஒவ்வொரு குழியும் சுக்கான் தொட்டதை அந்த வீட்டுப் பெண் இறங்கிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சரளை விழ வேண்டும். ஸ்ரீமதி வீடு கடைசி.

அது கடைசியாக முடிகிற வரைக்கும் நீயும் பாண்டிச்செல்வியும் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்து மேஸ்திரியிடம் போனில் கேட்கிற வேலை ஆகாது. எத்தனை வருஷம் ஆனாலும், வேலை முடிகிற வரைக்கும் ஒவ்வொரு மழையையும் அங்கே இருந்து பார். எந்தச் சுவர் எப்போது சத்தம் போடுகிறது என்று உனக்கே தெரியவரும். நீ குடியேறுகிற வாரம் வெள்ளிக்கிழமைப் பூஜை நிற்கும். அதுவரைக்கும் நடக்கும்.

அடுப்படியில் கேஸ் இருக்கிறது. கட்டில் இரண்டு போட்டிருக்கிறேன். சாமி அறையைப் பூட்டிச் சாவியை நான் எடுத்து வந்துவிட்டேன். பயம் வந்தால் அங்கே போய்ப் படுக்கலாம் என்று உனக்குத் தோன்றும். சாமி அறையில் யாரும் படுக்கக் கூடாது.

ஐயரிடம் நாள் கேட்டேன். வைகாசியில் குடியேற நல்ல நாட்கள் இருக்கின்றன. எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று சீக்கிரம் பதில் எழுது.

பொன்னுத்தங்கம்